சட்டமே இல்லாவிட்டால் நாம் எப்படி இருப்போம்? ஹாப்ஸ் சொன்னது சரிதானா?

கேள்வி:
ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் எழுதிய 'லெவயதன்' நூலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தை மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். அரசு இல்லாத நிலையில் மனித வாழ்க்கை தனிமையும் வறுமையும் மிருகத்தனமுமாக, அற்ப ஆயுளில் முடியும் என்கிறார். முதல் தடவை படித்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் போன வாரம் நடந்த ஒன்று என்னைக் குழப்பிவிட்டது.

நான்கு சாலைகள் கூடும் இடத்தில் சிக்னல் அணைந்துவிட்டது. போலீஸ் இல்லை. பத்து நிமிடம் போல அவரவரே முறைவைத்துப் போனார்கள், இந்தப் பக்கம் நாலு வண்டி, அந்தப் பக்கம் நாலு வண்டி என்று. அப்புறம் ஒரு கார் முறை தவறி நுழைந்தது. அதை ஒட்டி இரண்டு பைக். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றோம். நானும் நுழைந்தேன், அதுதான் உறுத்துகிறது. இதுதான் என் இயல்பா?

பதில் 1:
உங்களைக் கெட்டவர் என்று ஹாப்ஸே சொல்லமாட்டார். மனிதனின் ஆசைகள் அவற்றளவில் பாவமில்லை என்று அதே அத்தியாயத்தில் எழுதுகிறார். சண்டைக்கு அவர் காட்டும் காரணங்கள் மூன்று: போட்டி, அவநம்பிக்கை, புகழாசை. உங்களுடையது இரண்டாவது. மற்றவர் நிற்பார் என்ற உறுதி போனதும் நீங்கள் மட்டும் நிற்பது ஏமாளித்தனமாகப் பட்டது. படுக்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறாயே, அப்போது சக மனிதனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அவர் கேட்கும் இடத்தை மறுபடி பாருங்கள். 1642இல் தொடங்கிய இங்கிலாந்து உள்நாட்டுப் போர் முடியும் 1651இல் வந்த புத்தகம் அது. அர்த்தசாஸ்திரமும் இதையே பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை என்கிறது. அதற்குப் பயந்துதான் மக்கள் மனுவை அரசனாக்கி, விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு தந்தார்களாம்.

பதில் 2:
எனக்கு இதில் உடன்பாடில்லை. சிக்னலுக்குப் பழகியவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள். இவர்களா ஆதி மனிதர்கள்? தத்துவஞானி ரூசோ 1755இல் ஹாப்ஸிடம் கண்ட தவறே இதுதான். சமூகம் உண்டாக்கிய ஆசைகளை எடுத்து இயற்கை மனிதன் தலையில் கட்டிவிட்டார் என்றார். ரூசோவின் ஆதி மனிதனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உந்துதல் உண்டு, பிற உயிர் துன்புறுவதைப் பார்க்கச் சகியாத இரக்கமும் உண்டு. அடுத்தவனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பின்னால் வந்தது. அந்தக் காரைப் பார்த்ததும் உங்களுக்கு வந்தது எது என்று யோசியுங்கள்.

கேட்டவர்:
ஒப்பிட்டேன், உண்மைதான். 'அவன் மட்டும் போகலாமா' என்றுதான் தோன்றியது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த நெரிசலை அவிழ்த்தது பேருந்திலிருந்து இறங்கிவந்த ஒரு பெண். சீருடை இல்லை, விசில்கூட இல்லை. நடுவில் நின்று என்னைப் பார்த்து, "வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க" என்றார். எடுத்தேன். நான் எடுத்ததைப் பார்த்துப் பின்னால் இருந்தவரும் எடுத்தார். வாள் இல்லாத ஒப்பந்தம் வெறும் வார்த்தை என்பார் ஹாப்ஸ். அந்தப் பெண்ணிடம் வார்த்தை மட்டும்தானே இருந்தது? ஏன் கேட்டோம்?

பதில் 3:
இன்னொரு ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் 'அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரை'யில் இரண்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள். அரசு வருவதற்கு முன்பும் பகுத்தறிவு என்கிற சட்டம் இருந்தது, அதை நிறைவேற்றும் உரிமை ஒவ்வொருவர் கையிலும் இருந்தது என்கிறார். அவரவர் வழக்குக்கு அவரவரே நீதிபதி என்பதுதான் அங்கே சிக்கல். அந்தப் பெண்ணுக்கு அங்கே வண்டி இல்லை. யார் முந்தினாலும் அவருக்கு லாபமில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.