ஸ்கிளிரோடெர்மா (தோல் இறுகற நோய்) வந்த கைக்கு ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலையை நாமளே செய்யப் பழக்கற சிகிச்சை) பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அவினாசி அக்கா:
பனியன் கம்பெனில கைமடியா இருந்தனுங்க. மார்கழி வந்தா விரல் நுனி வெளுத்து, பொறவு நீலம் பாஞ்சு, கடைசில செவந்து சுள்ளுனு எரியும். பனிக்கு அப்படித்தான்னு விட்டாச்சு. விரல் வீங்கி, தோல் இறுகி, துணி மடிக்கவே முடியாமப் போன பொறவுதான் கோயமுத்தூர்ல ருமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டர் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ்னு, ஸ்கிளிரோடெர்மாவுல ஒரு வகைன்னு சொல்லி, மாத்திரையோட ஆக்குபேஷனல் தெரபிக்கும் எழுதிக் குடுத்தாருங்க.

அங்க இருந்த அம்மா எடுத்ததும் கையத் தொடலை. "காலைல எந்திரிச்சதுல இருந்து கையால என்னென்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. அப்பறம் கையை விரிக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனில இருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்தாங்க. கும்புடச் சொன்னாங்க. ரெண்டு உள்ளங்கையும் ஒட்டலைங்க, நடுவுல எலுமிச்சம்பழமே வைக்கலாம்.

இந்தச் சீக்குல விரலோட அடிமூட்டு மடங்காது, நடுமூட்டு நீளாது. அதனால அடிமூட்டை மடக்கற பயிற்சி, நடுமூட்டை நீட்டற பயிற்சி, கட்டைவிரல் கவட்டையை அகட்டறதுன்னு மூணும் தனித்தனி. ஒறம்பரை எல்லாம் பந்தை அமுக்குன்னு சொல்லுவாங்க. அது புடிமானத்துக்குங்க, நீட்டறதுக்கு ஆவாது.

பயிற்சிக்கு முன்னாடி மெழுகு. 50 டிகிரிக்குச் சித்த மேல இருக்கற பாரபின்ல கையை முக்கி எடுத்து, மறுக்கா முக்கி, ஏடு ஏடாப் படிஞ்சதும் பிளாஸ்டிக் கவரும் துண்டும் சுத்தி 15, 20 நிமிசம் வெச்சுருப்பாங்க. உரிச்சதும் சூடு ஆறதுக்குள்ள நீட்டிப் புடிக்கோணும். விரல்ல புண்ணு இருந்தா மெழுகே கூடாது. வீட்ல மெழுகுவத்தியை உருக்கி முக்கிராதீங்க, அது உருகற சூடே எச்சு, வெந்துரும்.

எனக்குப் பெரிய உபகாரம் ஜாக்கெட் ஊக்குதான். அதை எடுத்துட்டு வெல்க்ரோ வெச்சுத் தைக்கச் சொன்னாங்க. மக வந்து மாட்டி விடற வரைக்கும் காத்திருந்தவ இப்ப நானே போட்டுக்கறேன்.

பொள்ளாச்சிப் பையன்:
எங்கய்யனுக்குங்க. பவுண்டரில மோல்டிங் மண்ணுலயே காலம் போச்சு. சிலிக்கா தூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டுன்னு டாக்டர் சொன்னாரு. பயிற்சி பண்ணுங்கன்னா "ஆகட்டும்"பாரு, பண்ண மாட்டாரு. ஆனா கரண்டிக் காம்புல சைக்கிள் டியூப் சுத்திக் குடுத்தோம், அதை மட்டும் விட மாட்டேங்கறாரு. சொம்பை ரெண்டு உள்ளங்கையாலயும் தூக்கப் பழகிட்டாரு. ஆடிக் காத்துக்குக் கையுறை மட்டும் போதாதுங்க, உடம்பே சூடா இருந்தாத்தான் விரலுக்கு ரத்தம் போகும்னு சொல்லி ஸ்வெட்டரும் போடச் சொல்லிட்டாங்க. பொள்ளாச்சில ஸ்வெட்டரான்னு ஊரே கேக்குது.

ஈரோடு:
நான் மொதல்ல போனது பக்கத்துல ஒரு பிசியோ சென்டருக்கு. இந்த நோயே அவங்களுக்குப் பழக்கமில்லை போல. அழுத்தி இழுத்ததுல நடுமூட்டு மேல தோல் வெடிச்சு, ஆற ரொம்ப நாளாச்சு. போறப்பவே நோயோட பேரைச் சொல்லி, இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களான்னு கேட்டுருங்க. மெள்ள இழுத்து, வலிக்கறதுக்கு முன்னாடி நிறுத்தோணும்.

தாராபுரம்:
அக்கா, எங்கம்மாவுக்கு விரல் ஏற்கனவே கோணிக்கிச்சு. இனி நேராகுமுங்களா? மெழுகு மெஷின் வீட்டுக்கு வாங்கலாமுங்களா?

அவினாசி அக்கா:
எனக்கு நேராகலை கண்ணு. சாண் அளவு குறையாம நிக்குது, அதுவே போதும்னு நெனைக்கறேன். தோல் பின்னாடி இளகுனாலும் இறுகின மூட்டு தானா இளகாதாம், அதனால இருக்கற அசைவை விடக் கூடாது. மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி அம்மாவுக்குக் கைல சூடு சரியாத் தெரியுதான்னு ஓ.டி. கிட்டப் பாக்கச் சொல்லுங்க. தெரியலைன்னா வேண்டாம்.