சாய்ந்த கொய்யா: நிமிர்த்துவதா, மொட்டையடிப்பதா?

நிழல்தேடி:
முந்தாநாள் ராத்திரி அடித்த புயலில் தோட்டம் பாதி போய்விட்டது. மூன்று வயதுக் கொய்யா வேர் தெரியச் சாய்ந்து கிடக்கிறது, இலை இன்னும் பச்சை. மாமரத்தில் தொடைப் பருமன் கிளை ஒன்று முறிந்து தொங்குகிறது. செம்பருத்தியில் ஓர் இலைகூட இல்லை, வெறும் குச்சி. எல்லாவற்றையும் மட்டமாக வெட்டிவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வெட்டிவிடலாமா?

கத்தரிக்கோல்:
அவர் சொல்வது சரி. பாதி வேர் அறுந்த மரத்துக்கு முழுத் தலையும் பாரம். மிச்சமிருக்கும் வேர் உறிஞ்சுகிற தண்ணீர் அத்தனை இலைக்குப் போதாது. கொய்யாவை மூன்றடி விட்டு மொட்டையடியுங்கள், வெட்ட வெட்டத் துளிர்க்கிற சாதி அது. மாமரத்தின் உச்சியையும் எடுத்துவிடுங்கள், அடுத்த காற்றுக்குப் பிடி கிடைக்காது. வெட்டுவாயில் தார் பூசுங்கள்.

மண்புழு:
தொங்கும் கிளையை முதலில் இறக்குங்கள், அதில் எங்களுக்குள் சண்டை இல்லை. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம்.

மற்றதெல்லாம் சண்டைதான். அறுந்த வேர் மறுபடி வளர மாவுச்சத்து வேண்டும். அதைச் சமைப்பது இலை. வேர் விடச் சொல்லும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்குவதும் கொழுந்துகளிலிருந்துதான். அடிபட்டுக் கிடக்கிறவனின் அடுப்பையும் இடித்துவிட்டால் எப்படி எழுந்திருப்பான்?

நிழல்தேடி, முதலில் கொய்யா வேரின் மேல் ஈரச்சாக்கைப் போடுங்கள், இதைப் படித்து முடிக்கும் முன்பே. மயிரிழை வேர்கள் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது.

கத்தரிக்கோல்:
ஆக்சின் எல்லாம் எழுத நன்றாக இருக்கிறது. நான் ஒரு எலுமிச்சையை ஓர் இலைகூடக் கிள்ளாமல் நிமிர்த்தி நட்டேன். பத்தே நாளில் இலை சுருண்டு, மொறமொறவென்று காய்ந்தது.

மண்புழு:
விழுந்து எத்தனை நாள் கழித்து நிமிர்த்தினீர்கள்?

கத்தரிக்கோல்:
ஐந்து நாள். ஆள் கிடைக்கவில்லை. சரி, வேரை மூடவும் இல்லை. ஆனாலும் கொஞ்சம் இலையைக் குறைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

வேலிக்கள்ளி:
கத்தரிக்கோல் அண்ணா, உச்சி வெட்டும் கதையை என்னிடம் கேளுங்கள். முன்பு ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் மாமரத்தை நீங்கள் சொல்கிற மாதிரிதான் மொட்டையடித்தோம். அதுவரை நிழலிலேயே இருந்த கிளைகளின் மேல்பட்டை வெயிலில் வெந்து வெடித்தது. வெட்டுவாயைச் சுற்றிப் போத்துகள் துடைப்பம் மாதிரி கிளம்பின. பார்க்க ஜோராக இருந்தது. இரண்டு வருடம் கழித்து, கட்டைவிரல் பருமனில் இருந்த ஒன்றைச் சும்மா பிடித்துக் கீழே அழுத்தினேன், அடியோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. கட்டைக்குள் வேரோடிய கிளை இல்லை அது, மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த காற்றுக்கு முதலில் விழுவது அதுதான்.

தாரும் வேண்டாம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்தவர். மரத்தின் காயம் நம் தோல் மாதிரி ஆறுவதில்லை, உள்ளே சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது என்று 1970களிலேயே காட்டிவிட்டார். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை.

மண்புழு:
அந்தச் சுவர் சரியாக எழும்ப, வெட்டும் இடம் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல உப்பியிருக்கும். அந்த மோதிரத்தை வெட்டாமல், அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். கனமான கிளை என்றால் மூன்று வெட்டு. மோதிரத்திலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் பாதி ரம்பம் போடுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் கிளை விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில் எடுங்கள்.

கொய்யாவை நிமிர்த்தும்போது, தூக்கிய பக்கத்து வேர் உட்காரக் குழி வெட்டுங்கள். நார்நாராய்க் கிழிந்த வேரை மட்டும் சுத்தமாக நறுக்குங்கள். பழைய ஆழத்துக்கு மேல் மண் ஏறக்கூடாது.

கத்தரிக்கோல்:
மாமர உச்சியில் தோற்றேன், விடுங்கள். கொய்யாவில் விடமாட்டேன். முறிந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவற்றையாவது எடுக்கலாம்தானே?

மண்புழு:
எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். மொத்தத் தழையில் கால் பங்கைத் தாண்டாதீர்கள். வாடினால் கத்தரியை எடுக்காமல் நிழல்வலை கட்டுங்கள்.

நிழல்தேடி:
மூன்று பேர் சேர்ந்து கொய்யாவை நிமிர்த்திவிட்டோம். வேரைச் சாக்கால் மூடியிருந்தேன். இனி யூரியா போடலாமா? செம்பருத்தியை என்ன செய்வது?

வேலிக்கள்ளி:
உரம் இப்போது வேண்டாம். வேர் இல்லாத நேரத்தில் தழையைத் தூண்டிவிடும். மண் சொதசொதவென்று இருக்கும்வரை அடியில் நடக்காதீர்கள், மிதித்தால் காற்றுப்புழை அடைந்துவிடும். செம்பருத்திக் குச்சியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

நிழல்தேடி:
முழங்கால் உயரம்வரை பச்சை, மேலே பழுப்பு.

வேலிக்கள்ளி:
அப்படியானால் உயிர் இருக்கிறது. துளிர் எங்கே வருகிறதென்று பார்த்துவிட்டு அதற்கு மேலே வெட்டுங்கள். சில வாரம் ஆகும்.

கத்தரிக்கோல்:
கொய்யாவை எந்தக் கயிற்றால் கட்டினீர்கள்?

நிழல்தேடி:
நைலான். இறுக்கமாகத்தான் கட்டினேன்.

கத்தரிக்கோல்:
போய் அவிழுங்கள். பழைய சைக்கிள் டியூபால் எட்டு வடிவில், தண்டு லேசாக ஆடும்படி கட்டுங்கள். ஒரு வருடத்தில் அதையும் எடுத்துவிட வேண்டும். மண்புழு இதற்கும் சண்டைக்கு வரமாட்டார் என்று நினைக்கிறேன்.