ஆல்ட்டோ 800-க்கு 12 இன்ச்சா, 13 இன்ச்சா?

வணக்கம் நண்பர்களே. 2014 மாடல் ஆல்ட்டோ 800 வைத்திருக்கிறேன். நான்கு டயரும் மொட்டை. பக்கவாட்டில் உள்ள எண் 2318, அதாவது 2018-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. இனியும் ஓட்டுவது தப்பு.

கம்பெனி அளவு 145/80 ஆர்12 (அகலம் 145 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 12 இன்ச்). கடைக்காரரோ, "பழைய ஆல்ட்டோ கே10-க்கு வர்ற 13 இன்ச் ரிம் போட்டு 155/65 ஆர்13 மாட்டிடலாம் சார், ரோட்டுப் பிடிப்பு நல்லா இருக்கும்" என்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய விட்டம் சுமார் 537 மி.மீ., அதில் 532. ஒரு சதவீத வித்தியாசம்தான், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. இன்னொரு கடையில் 145/80 ஆர்13 என்றார்கள். அது 562, கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் கூடுதல். சரிப்பட்டு வராது என்று விட்டுவிட்டேன்.

155/65-க்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது உள்ளே உரசுகிறதா? மைலேஜ் குறைந்ததா? பக்கச்சுவர் 116 மி.மீ.யிலிருந்து 101-க்கு இறங்குகிறதே, எங்கள் தெருப் பள்ளங்களில் ரிம் அடிவாங்குமோ என்றுதான் பயம். அப்புறம், ஸ்டெப்னி மட்டும் பழைய 12 இன்ச்சாக இருந்தால் பஞ்சர் கடை வரை போய்ச் சேரலாமா, இல்லை ஐந்து ரிம்மும் வாங்கணுமா? மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. வீட்டில் ஏற்கெனவே முறைக்கிறார்கள்.