ஏஜென்சி படியேறிய அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

புதுகை வெல்டர்

2019-ல் நடந்தது. பத்தாவது பெயில், அதனால் இ.சி.ஆர் பாஸ்போர்ட் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டிய வகை), ஆறு வருஷம் பைப் வெல்டிங். கத்தாருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் சொன்னார். சப் ஏஜென்ட் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், ஊரில் அவர் பெயரே 'விசா அண்ணன்'தான். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 90,000 கொடுத்தேன். ட்ரேடு டெஸ்ட், மெடிக்கல் எல்லாம் பாஸ்.

டிக்கெட் வாங்கப் போன அன்றுதான் சென்னை ஆபீஸின் உள் அறையைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுச் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தார்கள். மேனேஜர் என்னுடையதை உருவிக்கொண்டே, "தம்பி, மொத்தம் எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே லேமினேட் செய்த தாள் ஒன்று: சேவைக் கட்டணம் 30,000, ஜிஎஸ்டி தனி. அண்ணன் என் பக்கத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்திருந்தது.

"போர்டுல இருக்கறதுதான் சார்" என்றேன். 35,400-க்கு ரசீது போட்டுக் கொடுத்தார்கள். மேனேஜர் தெரிந்தே கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை புரியவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதும்தான்.

கிண்டி ட்ரெயின்

எனக்கு வெளிநாடெல்லாம் இல்லை. 2016, பி.இ. முடித்த புதுசு. ஒரு கன்சல்டன்சியில் ரெஜிஸ்ட்ரேஷன் என்று 1,500 வாங்கிக்கொண்டு, ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ லெட்டர் கொடுத்தார்கள். கேட்டில் செக்யூரிட்டி தாத்தா லெட்டரை வாங்கினார், படிக்கவே இல்லை. டிராயரைத் திறந்து உள்ளே போட்டார். அதே மாதிரி லெட்டர்கள் ஒரு கட்டு இருந்தது. "இன்னிக்கு நீ ஏழாவது ஆளு தம்பி. பஸ்ஸுக்குக் காசு இருக்கா?" என்றார். 1,500 போனதுகூட மறந்துவிட்டது, இந்தக் கேள்வி மறக்கவில்லை.

அனுபவஸ்தன்

புதுகை தம்பி, கோபப்படாதீங்க, தப்பு உங்க மேலதான். நீங்க அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா அந்த அண்ணன் அடுத்த பத்துப் பேர்கிட்ட வாங்கியிருக்க மாட்டார். என்னையும் 2011-ல் ஒருத்தன் ஏமாற்றினான், அது பெரிய கதை, விடுங்க.

இனி போகிறவர்கள் கவனியுங்கள். பதிவு இல்லாமல் ஆள் எடுப்பது 1983 எமிகிரேஷன் சட்டப்படி குற்றம். ஏஜென்சி பெயரை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பெயர் இருந்தால் மட்டும் போதாது, அதே பெயரில் போலி போர்டு மாட்டுகிறவனும் உண்டு, முகவரியையும் ஒத்துப் பாருங்கள். பணத்தைப் பேங்க் வழியாகவே கொடுங்கள், ரசீது கேளுங்கள். இ.சி.ஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக 18 நாடுகளுக்கு எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் "முதல்ல விசிட் விசாவுல போங்க, அங்க மாத்திக்கலாம்" என்பார்கள். அப்படிப் போனால் ஒப்பந்தமும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்று விற்கிற 'ஃப்ரீ விசா' என்று ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது. அப்புறம், ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.டி. சேர்த்து எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சாப்பாடு யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட காப்பி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வெள்ளைக் கோட்டு

ரசீது கேளுங்கள் என்று இங்கே எழுதுவது சுலபம் அனுபவஸ்தன் சார். ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்கள் பீரோவில் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

நான் நர்ஸ். 2014-ல் வளைகுடா ஆஸ்பத்திரி வேலைக்கு என்று ஒரு ஏஜென்சியில் எல்லா ஒரிஜினலையும் கொடுத்துவிட்டேன். நர்ஸ்களை அந்த நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்பலாம் என்ற விதி 2015-ல்தான் வந்தது, நம் ஊரில் அதற்குத் தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓ.எம்.சி.எல். எங்களுக்கு அது லேட். மனசு மாறித் திருப்பிக் கேட்டபோது "கேன்சலேஷன் 40,000" என்றார்கள்.

மறுநாள் அப்பா வந்தார், ரிட்டயர்டு கண்டக்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டார். புது ஆள் யார் வந்தாலும், "நீங்களும் சர்டிபிகேட் கொடுக்க வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார், வேறொன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கவரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பைசா கொடுக்கவில்லை. எண்ணெய்க் கறை மட்டும் சோபாவில் இருந்தது.

பழைய ஹெச்.ஆர்

கிண்டி ட்ரெயின், எல்லா கன்சல்டன்சியும் அப்படி இல்லை. நான் இந்தத் தொழிலில் ஒன்பது வருஷம் இருந்தவன். ஆளைச் சேர்த்தால் கம்பெனிதான் எங்களுக்குப் பணம் தரும், பெரும்பாலும் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வேலை தேடுகிறவனிடம் பணம் கேட்கிற இடத்தில் கம்பெனித் தொடர்பே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அந்தத் தாத்தாவுக்கு என் வணக்கம்.

ராமநாதபுரம் பையன்

தாய்லாந்து, டேட்டா என்ட்ரி, 2022. நானும் நண்பனும் சேர்ந்துதான் ஏஜென்ட்டைப் பார்த்தோம். டைப்பிங் வேகம் மட்டும் கேட்டார். என் பாஸ்போர்ட் ரினியூவல் தாமதமானதால் அவன் மட்டும் போனான். பாங்காக் இறங்கியதும் லைவ் லொகேஷன் போட்டுவிட்டான். வேலை பாங்காக்கில்தான் என்று சொல்லியிருந்தார்கள். புள்ளி ராத்திரி முழுக்க வடமேற்கே போய்க்கொண்டிருந்தது. விடியற்காலை மே சோட், தாய்லாந்தின் எல்லை ஊர். அப்புறம் ஆற்றைத் தாண்டியது, அந்தப் பக்கம் மியாவடி, மியான்மர். அதோடு நின்றுவிட்டது. அங்கே ஆன்லைன் மோசடி வேலையில் சிக்கியவர்களில் முதல் குழு அக்டோபரில் சென்னை திரும்பிய செய்தியில் அவன் முகத்தைத் தேடினேன், இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்தான். வந்ததிலிருந்து யார் லொகேஷன் கேட்டாலும் அனுப்ப மாட்டான்.

புதுகை வெல்டர்

அனுபவஸ்தன் அண்ணே, நீங்க சொன்னது எல்லாம் சரி. போர்டைப் பார்த்தவன் நான்தானே, தெரியாமல் செய்யவில்லை. விசா அண்ணனின் தங்கச்சி எங்கள் தெருவில்தான் வாக்கப்பட்டிருக்கிறது.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் டீக்கடைக்குக் கூட்டிப் போனார். நான் கேட்காமலே பன் பட்டர் ஜாம் சொன்னார். காசை அவர்தான் கொடுத்தார்.