உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது: ஆவணப்பட எடிட்டிங்கில் உதவி தேவை

நாகர்கோவில் மாணவர்:
இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகத் தோவாளை மலர்ச்சந்தையைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் ஒன்றை இரண்டு செல்போன்களில் எடுத்துள்ளோம். பிச்சிப்பூ வியாபாரி ஒருவரின் 20 நிமிடப் பேட்டி தொடக்கத்தில் சரியாக ஓடுகிறது. போகப்போக, அவர் வாயை மூடிய பிறகும் குரல் கேட்கிறது. ஒலியை நகர்த்திப் பொருத்தினால் அந்த இடம் சரியாகி, முன்பகுதி கெடுகிறது. போதாக்குறைக்கு, 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி 4கே காட்சிகளில் உறைந்து நிற்கிறது. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியும் பலனில்லை. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

தக்கலை எடிட்டர்:
தம்பி, மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. இடைவெளி வரவர வளர்கிறது என்று நீங்கள் எழுதியதே காரணத்தைக் காட்டிவிடுகிறது. செல்போன்கள் பெரும்பாலும் மாறும் பிரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன. அதாவது, விடியலுக்கு முந்தைய மங்கலான வெளிச்சத்தில் நொடிக்கு 30 பிரேம் (அசையாத தனிப்படம்) என்பது குறைந்தும் கூடியும் வரும், ஆனால் எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான 30 என்று எண்ணிக்கொள்ளும்போது படம் ஒரு வேகத்திலும் ஒலி ஒரு வேகத்திலும் போகும். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்து, பிரேம் ரேட் மோடு என்ற வரியில் ‘வேரியபிள்’ (மாறுவது) என்றிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 30 பிரேம், ‘கான்ஸ்டன்ட்’ (சீரானது) எனத் தேர்ந்து கோப்பை மாற்றி, அதே பெயரில் வேறு ஃபோல்டரில் வைத்து, டைம்லைனில் மறுபடி இணையுங்கள். மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள்.

குளச்சல் வாசகர்:
மடிக்கணினி உறைவதற்கு ப்ராக்ஸிதான் மருந்து, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் சிறிய அளவு நகல். 1280×720 அளவில் ப்ராக்ஸி எடுத்தால், கணினி கையாள வேண்டிய புள்ளிகள் 4கேயில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான். இறுதி ரெண்டரின்போது (முடித்த படத்தைக் கோப்பாக வெளியெடுக்கும்போது) மூலத் தரத்துக்கு மாறியிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். நான் ஒருமுறை அதை மறந்து, மங்கலான படத்தை ஒப்படைத்துத் தலைகுனிந்தேன்.

நாகர்கோவில் மாணவர்:
இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. ‘வேரியபிள்’ என்றுதான் இருந்தது. மாற்றிய பின் வியாபாரி “முழம் எவ்வளவு” என்று கேட்கும் வரி வரை உதடும் குரலும் ஒன்றாக வருகின்றன. வெட்டிய இடங்கள் சில பிரேம்கள் தள்ளிப்போயிருந்ததால், அவற்றைச் சரிசெய்ய ஓர் இரவு முழுவதும் போயிற்று. இப்போது 5 ஜிபி கோப்பைப் பென்டிரைவில் ஏற்ற முடியவில்லை. இடமோ 20 ஜிபி காலியாக இருக்கிறது.

தக்கலை எடிட்டர்:
பென்டிரைவ், கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபேட்32-இல் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. உள்ளிருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.