மறு: ஸ்கேவெஞ்சிங் – ‘துப்புரவு’ வேண்டாமே

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். கடல்நீரில் உள்ள தனிமங்கள் துகள்களில் ஒட்டி அடியில் படிவதை ஆங்கிலத்தில் ‘ஸ்கேவெஞ்சிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் நண்பர் ஒருவர் எழுதியது இது:

> கதிரியக்கத் தனிமங்களைத் துகள்கள் கடல்நீரிலிருந்து அகற்றுவதால் ‘துப்புரவு’ பொருந்தும்.

பொருந்தாது ஐயா. துப்புரவு என்றால் குப்பை வீட்டைவிட்டே போய்விட்டது என்று பொருள். இங்கே அது மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையைப் பாருங்கள். சீசியம்-137, புளூட்டோனியம் என்ற கதிரியக்கத் தனிமங்கள் இரண்டும் அங்கிருந்து ஐரிஷ் கடலுக்குள் போயின. சீசியம் பெரும்பாலும் நீரில் கரைந்தே இருந்து, நார்வேக் கரையோர நீரோட்டத்தோடு சில ஆண்டுகளில் ஆர்க்டிக்கின் பேரன்ட்ஸ் கடலை எட்டியது. புளூட்டோனியத்தின் பெரும்பங்கோ வண்டல் துகளில் ஒட்டி, ஆலைக்குப் பக்கத்துச் சேற்றிலேயே தங்கிவிட்டது. நீரை மட்டும் அளந்தால் சுத்தம்தான். ஆனால் சேற்றைப் புழு துளைக்கிறது, புயலலை கிளறுகிறது. படிந்ததில் கொஞ்சம் திரும்ப நீருக்குள் வருகிறது. புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் (அதில் பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 24,100 ஆண்டுகள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

குளிர்கடலில் வண்டலே பயணம் போகும். 1982இல் சோவியத்தின் கே-27 நீர்மூழ்கியை அணு உலைகளோடு மூழ்கடித்த காரா கடலில் அந்த இடத்தின் ஆழம் சுமார் 30 மீட்டர். இப்படி ஆழம் குறைந்த சைபீரியக் கடல்களில் நீர் உறையும்போது அடிவண்டலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பனி மிதந்து போய் உருகும் இடத்தில் வண்டலை இறக்கிவிடுகிறது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்புரவு என்று எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறன்று மாட்டுங்காவில் கூடியபோது பெரியவர் ஒருவர் ‘தேற்றல்’ என்றார். அழகான சொல். இங்கே செம்பூரில் டேங்கர் தண்ணீர் கலங்கலாக வந்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த தேற்றாங்கொட்டையை அம்மா குடத்தின் உட்புறம் தேய்ப்பார். கலங்கல் திரண்டு அடியில் இறங்கும். கடலில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அம்மா தெளிவை மொண்டுகொண்டு அடிமண்டியைச் செடிக்கு ஊற்றிவிடுவார். கடலின் அடிமண்டியை எங்கே ஊற்றுவது? தவிர, தேற்றல் என்றால் ஆறுதல் சொல்வதும்தானே.

என் பரிந்துரை: ‘ஒட்டிப்படிதல்’. பாடநூலில் ‘பரப்புக் கவர்தல்’ இருக்கிறதே என்பீர்கள். அது ஒட்டுவதோடு நின்றுவிடும், படிவதைச் சொல்லாது. புளூட்டோனியம் போன்றவை ‘துகளொட்டிகள்’, சீசியம் போன்றவை ‘கரைந்தலைவிகள்’ (கரைந்து அலைபவை) என்று இணையாகவும் வரும். பின்னது சற்று நீளம், சுருக்க வழியிருந்தால் சொல்லுங்கள்.

படிந்த சேறு மறுபடி கிளம்புவதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. தூத்துக்குடி, நாகைப் பக்கத்துக்காரர்கள் நம்மில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் மீனவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
செம்பூர், மும்பையிலிருந்து