ஜெர்சி சைஸ் எப்படிப் பாக்கிறது? பெரியவங்க, பசங்க சேத்து ஆர்டர் போடணும்

தோட்டத்து_கோல்கீப்பர்:
வணக்கம் மக்களே, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டம். தீபாவளிக்கு முன்ன எழுவர் கால்பந்துப் போட்டி இருக்கு, ஜெர்சி அடிக்கணும், பெரியவங்க 12, பசங்க 9. போன வருஷம் வாட்சப்ல சைஸ் கேட்டேன், ஆளாளுக்கு எல், எக்ஸ்எல்னு போட்டு விட்டானுங்க, வந்து பாத்தா நம்ம டிஃபென்டர் அண்ணன் கார்னருக்குக் கை தூக்கினா தொப்புள் தெரியுது, மனுசன் போட்டி முழுக்க ஒரு கையால சட்டைய இழுத்துவிட்டுக்கிட்டே ஆடினாரு. என் மகனுக்கோ முட்டி வரைக்கும் தொங்குது. பேரு நம்பர் அடிச்சாச்சு, மாத்த முடியாதுன்னுட்டாங்க. இந்தத் தடவ என்னதான் கேக்கிறது?

தே_தாரிக்_தம்பி:
எழுத்த நம்பாதீங்கண்ணே, ஏசியன் கட்டிங் எல்லும் யூரோ கட்டிங் எல்லும் ஒண்ணு இல்ல, பெரும்பாலும் ஒரு சைஸ் வித்தியாசம் வரும். எல்லாரையும் வீட்ல இருக்கிறதுல சரியா இருக்கிற ஜெர்சி ஒண்ண மேஜ மேல விரிச்சு, சுருக்கம் போகத் தடவிட்டு, இந்த அக்குள் தையல்லேர்ந்து அந்த அக்குள் தையல் வரைக்கும் டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க. 20 இஞ்சு வந்தா சுத்தளவு 40. அப்புறம் கடைக்காரர் சார்ட்டோட ஒப்பிடுங்க, அதுல இருக்கிறது சட்டை அளவா உடம்பு அளவான்னு கேட்டுக்கணும், அங்கதான் பாதிப் பேரு கோட்டை விடுறது.

தையல்மிஷின்_அக்கா:
தம்பி சொன்னது சரிதான், ஆனா தொப்பை இருக்கிறவங்களுக்கு நெஞ்சு மட்டும் போதாது, உடம்புலயே நெஞ்சுச் சுத்தளவும் வயித்துச் சுத்தளவும் எடுங்க, ரெண்டுல எது பெருசோ அதுக்கு மேல 3, 4 இஞ்சு விடுங்க. நீளமும் பாருங்க. பசங்களுக்கு வயசு கேக்காதீங்க, உயரம் கேளுங்க. அடிடாஸ்ல பசங்க சைஸ் 128, 140, 152, 164னு போட்டிருப்பாங்கல்ல, அது உயரம், செண்டிமீட்டர்ல. 9-10 வயசுக்கு 140னு கணக்கு, ஆனா நம்ம பசங்கள்ல 10 வயசுல 128ம் இருக்கும் 152ம் இருக்கும். வளர்ற புள்ளன்னு ஒரு சைஸ் கூட வாங்கலாம், ரெண்டு சைஸ் வேணாம்பா, தோள் தையல் கைக்கு எறங்கிடும், ஓடுறதுக்குள்ள சட்டைதான் ஓடும்.

பழைய_லெஃப்ட்விங்:
துவைச்சா சுருங்கும்னு பெருசா எடுப்பாங்க, அது பருத்திக்குத்தான், பாலியஸ்டர் சாதாரணமா துவைச்சா சுருங்காது. கடையில சேம்பிள் செட் இருந்தா வாங்கிட்டு வந்து பாடாங்லயே, அதான் திடல்லயே, போட்டுப் பாக்கச் சொல்லுங்க, பேரு அடிக்கிறதுக்கு முன்னாடி. ஒரிஜினல் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்த, பிளேயர் வெர்ஷன், அதாவது ஆட்டக்காரங்க போடுற மாடல், உடம்பு ஒட்டித் தச்சிருப்பாங்க, அத வாங்கி மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க லா.

தோட்டத்து_கோல்கீப்பர்:
நன்றி அக்கா, தம்பி, அண்ணே. கடையில கேட்டுட்டேன், சேம்பிள் தர்றாங்களாம், ஞாயித்துக்கிழம பிராக்டிஸுக்கு டேப்பும் கொண்டு போறேன். டிஃபென்டர் அண்ணன்கிட்டயும் சொன்னேன், அவரு இப்பவும் எல்லுதான் போடச் சொல்றாரு.